அரை அங்குல ரீப்பர்

இலக்கிய நண்பர்கள் பலரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மருத்துவத்துக்கு ஐந்தாண்டு என்றால் புரிகிறது. வீட்டுக்குப் படம் வரைய எதற்கு ஐயா ஐந்தாண்டு?" விளையாட்டாகக் கேட்கப்படும் கேள்விதான். நாங்களும் விளையாட்டாகவே எதையாவது சொல்லித் தப்பித்து வந்திருக்கிறோம். சென்ற மாதம் எங்களுள் ஒருத்தியின் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, தகரக் குழல் ஒன்றிலிருந்து பழுப்பேறிய டிரேசிங் தாள் ஒன்று வெளிப்பட்டது. அதைப் பார்த்ததும் இந்தக் கேள்விக்கு முறையாகவே விடை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒரே வகுப்பில், 1998 முதல் 2003 வரை, கட்டடக்கலை பயின்ற ஆறு பேர் நாங்கள். நால்வர் ஆடவர், இருவர் பெண்டிர். ஆறு பேரும் கூடிப் பேசி எழுதுவதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். இதில் வரும் முக்கியமான ஒருவனும் எங்கள் அறுவருள் ஒருவன்தான். அவன் இதைப் படித்து, இரண்டு இடங்களைத் திருத்தித் தந்த பிறகே வெளியிடுகிறோம்.

முதலில் படிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். பத்துப் பருவங்கள். அவற்றுள் ஒரு பகுதி, அலுவலகம் ஒன்றில் பெறும் நடைமுறைப் பயிற்சிக்குப் போய்விடும். எல்லாம் முடிந்து, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்துகொண்டால்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியும். இன்று இப்படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் 'நாட்டா' தேர்வு 2006இல்தான் தொடங்கியது. எங்கள் காலத்தில் அது கிடையாது.

பாடங்கள் எத்தனையோ இருந்தாலும் எங்கள் வாழ்வை ஆண்டவை இரண்டு. ஒன்று கட்டட வடிவமைப்பு. மற்றது கட்டடத் தொழில்நுட்பம். வடிவமைப்புக்கு வகுப்பறை கிடையாது, 'ஸ்டுடியோ'தான். உயரமான மேசைகள், டீ ஸ்கொயர், செட் ஸ்கொயர், மை கசியும் ரோட்ரிங் பேனாக்கள். முதற்பருவத்தில் கோடு போடவும் எழுத்து எழுதவும் கற்றோம். பிறகு பேருந்து நிழற்குடை, பிறகு சிறு வீடு, பிறகு பள்ளிக்கூடம் என்று வளரும். டிரேசிங் தாளில் மைக்கோடு தவறிவிட்டால் பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். சற்றே அழுத்தினால் தாள் கிழியும், மூன்று இரவுகளின் உழைப்பும் போகும். பருவ இறுதியில் 'ஜூரி'. வரைபடங்களைச் சுவரில் ஒட்டி, அட்டையால் செய்த மாதிரியை முன்னே வைத்து, குற்றவாளியைப் போல் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கட்டடக் கலைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "உன் கான்செப்ட் என்ன?"

தொழில்நுட்பம் அப்படியன்று. அதில் கான்செப்டுக்கு இடமில்லை. செங்கல், கல், சுண்ணாம்பு என்று தொடங்கி, மரவேலை, கதவு, சன்னல், படிக்கட்டு வழியாகக் கான்கிரீட்டுக்கு வந்து சேரும். ஒவ்வொன்றையும் வெட்டுத்தோற்றமாக வரைந்து கொடுக்க வேண்டும். மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று நாங்கள் நினைத்த பாடம் அது.

அதை நடத்திய ஆசிரியர் மெலிந்தவர், அதிகம் பேசமாட்டார். நாங்கள் எதை வரைந்து கொண்டுபோனாலும் அதன் மேல் பென்சில் முனையை வைத்து, "மழை பெய்கிறது. தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்பார். மொட்டை மாடியானாலும் சன்னலானாலும் இதே கேள்விதான். பென்சில் முனை நகர்ந்துகொண்டே போகும். நாங்கள் பதில் சொல்ல முடியாமல் நிற்கும் இடத்தில் ஒரு சிறு வட்டம் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தருவார். இந்த வட்டங்களை நாங்கள் கேலி செய்ததுண்டு. 'மழை சார்' என்று அவருக்குப் பெயரும் வைத்திருந்தோம்.

முதலாண்டில் அவர் எங்களைக் கல்லூரியின் பின்புறம் அழைத்துச் சென்று, செங்கல்லையும் மணலையும் கொடுத்து, ஆங்கிலக் கட்டு முறையில் ஒரு கல் சுவரின் மூலையை எழுப்பச் சொன்னார். ஒரு வரிசையில் செங்கற்களை நீளவாக்கிலும், அடுத்த வரிசையில் குறுக்குவாக்கிலும் வைப்பதே ஆங்கிலக் கட்டு. தாளில் எளிது. மூலைக்கு வந்ததும் சிக்கல் தொடங்கும். மேல் வரிசையின் இணைப்புக்கு நேர்கீழே கீழ் வரிசையின் இணைப்பு வந்துவிடக் கூடாது, வந்தால் அங்கே விரிசல் விடும். அதைத் தவிர்க்க, நீளவாக்கில் இரண்டாக வெட்டிய ஒரு கல்லை மூலைக்கல்லுக்கு அடுத்து வைக்க வேண்டும். நாங்கள் மூன்றாவது வரிசையிலேயே குழம்பி நின்றோம். எங்களுள் ஒருவன் மட்டும் கரணையின் விளிம்பால் செங்கல்லை இரண்டு தட்டுத் தட்டினான். கல் நேர்கோட்டில் பிளந்தது. கால்மணி நேரத்தில் அவன் பக்கம் எட்டு வரிசை எழுந்து நின்றது, தூக்குக் குண்டுக்கு இம்மி பிசகாமல்.

"எங்கே கற்றாய்?" என்று கேட்டோம்.

"ஊரில் பார்த்திருக்கிறேன்" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல், செய்முறை வகுப்புகளில் அவன் கரணையைத் தொடவே இல்லை என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

2001ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஓர் உண்மையான கட்டடத்தை நாங்களே வடிவமைத்துக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. காவிரிப் படுகையில் உள்ள அவனுடைய ஊரில் ஒரு படிப்பகம். அவனுக்குப் பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஓய்வுபெற்று, வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை ஊருக்குக் கொடுக்க விரும்பினார். ஊரார் பணம் திரட்டினார்கள். இருபதுக்கு முப்பது அடியில் ஒரே ஓர் அறை. வடிவமைப்பு எங்களுடையது. பாதி உடலுழைப்பும் எங்களுடையது.

அந்த நாட்களில் நாங்கள் அகமதாபாத்தில் லூயி கான் எழுப்பிய மேலாண்மைக் கழகத்தையும், சண்டிகரில் கார்புசியே எழுப்பிய மாளிகைகளையும் புகைப்படங்களில் பார்த்துப் பார்த்து மயங்கிக் கிடந்தோம். பூச்சில்லாத செங்கல், பூச்சில்லாத கான்கிரீட். பொருள் தன் இயல்பான முகத்தோடு நிற்க வேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. ஆகவே எங்கள் படிப்பகத்துக்கும் பூச்சில்லை. நாட்டுச் செங்கல் சுவர். அதைச் சுற்றி நாற்புறமும், ஏழடி உயரத்தில், இரண்டடி நீட்டிக்கொண்டு, ஒட்டியாணம் போல் ஓடும் மெல்லிய கான்கிரீட் சன்ஷேடு. அதன் அடிப்பரப்பு கண்ணாடி போல் வழவழவென்றும், விளிம்பு கத்தி போல் கூராகவும் இருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் சன்னல்களுக்கு இடையே நாலரை அங்குலம் உள்வாங்கிப் புத்தக அலமாரிகள். அந்த ஆண்டின் ஜூரியில் இந்த வடிவமைப்பு பெரிதும் பாராட்டப்பட்டது. "அந்த ஒற்றைக் கோடு பிரமாதம்" என்றார் வந்திருந்தவர். 'மழை சார்' அன்று விடுப்பில் இருந்தார்.

ஊருக்குப் போய் இறங்கியபோது எங்களை வரவேற்றவர் நண்பனின் தந்தை. "அப்பா கட்டட வேலை எடுத்துச் செய்கிறார்" என்று மட்டுமே அவன் சொல்லியிருந்தான். ஏதோ ஒப்பந்தக்காரர் என்று எண்ணியிருந்தோம். அவர் கொத்தனார். முப்பது ஆண்டுகளாகக் கரணை பிடித்துக் காய்த்துப்போன கை. எங்கள் படிப்பகத்தைக் கட்டப்போகிறவரும் அவரே. சித்தாள்களுக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும், தமக்கு வேண்டாம் என்று ஊராரிடம் சொல்லிவிட்டிருந்தார். மகன் வரைந்த கட்டடமல்லவா?

அவர் எங்கள் வரைபடங்களைத் தரையில் விரித்து, நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்து, குந்தி உட்கார்ந்து பார்ப்பார். அளவுகளைத் தவிர ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவரால் படிக்க முடியாது. ஆனால் வெட்டுத்தோற்றத்தை எங்களை விட வேகமாகப் புரிந்துகொள்வார். சுவர் எழுந்தது. சன்ஷேடுக்குச் சாரம் கட்டிப் பலகை அடித்தாயிற்று. கம்பி கட்டும் நாளன்று அவர் பலகையின் ஓரத்தை விரலால் தடவியபடி எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் தம்பி, அடியில் காடி காணோமே? ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு அரை அங்குல ரீப்பர் ஒன்று அடித்துவிடட்டுமா? பலகையைப் பிரிக்கையில் அதுவும் கூடவே வந்துவிடும். காடி தானாக விழுந்துவிடும்."

எங்களுக்கு அது பழைய பாணியாகத் தோன்றியது. வழவழப்பான அடிப்பரப்பின் குறுக்கே ஒரு கோடா? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுள் ஒருத்தி, "அடித்தால் என்ன?" என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குள் நண்பன் குரலை உயர்த்தினான்.

"வரைபடத்தில் இருந்தால் செய்யுங்கள். இல்லாததை எல்லாம் செய்யாதீர்கள்."

தந்தையிடம் அவன் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. எங்கள் முன்னிலையில் பேசியதால்தான் அப்படிப் பேசினான் என்பதை அவனே பின்னாளில் சொன்னான். கொத்தனார் மகன் என்பது வெளிப்பட்டுவிட்ட அந்த இடத்தில், தான் கொத்தனார் அல்லன் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்ததாம். அவர் கோபிக்கவில்லை. கையிலிருந்த ரீப்பர் துண்டைச் சாரத்தின் மேல் வைத்துவிட்டு, "படம் போட்டவர்கள் சொன்னால் சரி" என்றார். மறுநாள் கான்கிரீட் போட்டோம். கலவைச் சட்டியை எங்களில் பலர் தலையில் சுமந்தோம். அன்று மாலை எடுத்த புகைப்படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம், அவரும் கூட.

ஐப்பசியில் அடைமழை தொடங்கியது. கார்த்திகையின் முதல் வாரத்தில் தமிழாசிரியரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. குற்றச்சாட்டு எதுவுமில்லை. "சுவரில் சற்று ஈரம் காண்கிறது. நேரம் வாய்த்தால் வந்து பார்க்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

போனோம். படிப்பகத்தின் நடுவில் பாய்கள் விரித்து, அவற்றின் மேல் புத்தகங்களைப் பிரித்துப் பரப்பியிருந்தார். மேற்கு அலமாரியின் இரண்டு தட்டுகள் முழுவதும் நனைந்திருந்தன. 1950களில் கல்கி இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை வாரவாரம் கிழித்துச் சேர்த்து அவருடைய தந்தையார் பைண்டு செய்து வைத்திருந்த தொகுதிகள் அவற்றில் இருந்தன. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஓவியம் பாதி இந்தப் பக்கத்திலும் பாதி அந்தப் பக்கத்திலுமாக வந்தது. "வெயில் அடித்தால் சரியாகிவிடும்" என்றார். சரியாகாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரிந்தது.

அப்போதும் மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே போய்ச் சன்ஷேடின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். மேற்பரப்பில் விழுந்த நீர் சரிவில் வழிந்து விளிம்புக்கு வந்தது. விளிம்பில் சொட்டி விழும் என்று எண்ணியிருந்தோம். பாதி விழுந்தது. மீதி, விளிம்பைச் சுற்றி மடங்கி, எங்கள் வழவழப்பான அடிப்பரப்பைப் பற்றிக்கொண்டு, சாவதானமாகச் சுவரை நோக்கி நடந்தது. நீருக்குப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் குணமுண்டு. பரப்பு எவ்வளவுக்கெவ்வளவு வழவழப்போ அவ்வளவுக்கவ்வளவு அதற்கு நடக்கச் சௌகரியம். வழியில் ஒரு காடி குறுக்கிட்டால் அதைத் தாண்டி ஏற முடியாமல் அங்கேயே திரண்டு துளியாகி விழும். காடி இல்லை. சுவரை அடைந்த நீர், பூச்சில்லாத நாட்டுச் செங்கல்லில் ஊறி, அலமாரிக்காக நாங்கள் நாலரை அங்குலமாக மெலிவித்திருந்த இடத்தில் எளிதாக உட்புறம் வந்துவிட்டது. பாராட்டுப் பெற்ற மூன்று அம்சங்களும் கைகோத்துக்கொண்டு புத்தகங்களை நனைத்திருந்தன.

நண்பன் மழையிலேயே நின்றிருந்தான். தந்தை அப்போது வேறு ஊரில் வேலையாக இருந்தார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் 'மழை சார்' முன்னால் வெட்டுத்தோற்றத்தை வைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இது எந்த அளவில் வரைந்தது?" என்று கேட்டார். நூற்றுக்கு ஒன்று என்றோம். "12 மில்லிமீட்டர் காடி இந்தத் தாளில் எவ்வளவு இருக்கும்?" கணக்கிட்டோம். 0.12 மில்லிமீட்டர். எங்களிடமிருந்த மிக மெல்லிய பேனாவே 0.1 மில்லிமீட்டர் கோடு போடும். அதாவது, கொத்தனார் கேட்ட காடி முழுவதும் எங்கள் பேனாவின் ஒரு கோட்டுக்குள் அடங்கிப்போகும். நாங்கள் அதை மறுக்கக்கூட இல்லை. எங்கள் தாளில் அது இருக்கவே வழியில்லை.

"முழு அளவில் வரைந்து வாருங்கள்" என்றார்.

வரைந்தோம். இரண்டடி சன்ஷேடு, இரண்டடி நீளத்துக்கே தாளில் கிடந்தது. அந்த அளவில் வரையும்போது விளிம்பு வெறும் கோடாக இருக்க மறுக்கிறது. அதற்குத் தடிமன் இருக்கிறது, உள்ளே கம்பி இருக்கிறது, கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே இத்தனை கான்கிரீட் வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது, மழைத்துளி உட்கார இடம் இருக்கிறது. பென்சில் தானாகவே அந்த இடத்தில் தயங்குகிறது. பரணிலிருந்து இப்போது கிடைத்தது இந்தத் தாள்தான். அதன் ஓரத்தில் ஆசிரியர் போட்ட சிறு வட்டம் இன்னும் மங்காமல் இருக்கிறது. இந்த முறை வட்டத்துக்குள் சரி என்று குறியிட்டிருந்தார்.

அவ்வாண்டு பொங்கலுக்கு முன் படிப்பகத்தைச் செப்பனிடத் திட்டம் வகுத்துக்கொண்டு மீண்டும் போனோம். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மழை ஓய்ந்ததும் நண்பனின் தந்தை தாமே வந்து, யாரிடமும் சொல்லாமல், நான்கு நாட்கள் தனியாக வேலை செய்து முடித்துவிட்டுப் போயிருந்தார். மெல்லிய கான்கிரீட்டில் இனிக் காடி வெட்டினால் கம்பி வெளிப்பட்டுவிடும். ஆகவே விளிம்பின் அடியைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிமென்ட் பால் தடவி, விரல் பருமனில் ஒரு சிறு மூக்கைக் கீழ்நோக்கி வைத்திருந்தார். நூறடிக்கு மேற்பட்ட நீளம். நாற்புறமும் நூல் பிடித்தாற்போல் ஒரே நேராக ஓடியது. எங்கள் கத்தி விளிம்பு போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கொத்தனாரின் கைவேலை வந்து உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால், முன்பிருந்ததை விட அழகாகவே இருந்தது.

நண்பன் அன்றிரவு தந்தையிடம் என்ன பேசினான் என்பதை நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் காலை இருவரும் அலமாரியின் பின்சுவருக்கு வெளிப்புறம் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார்கள். மட்டப்பலகை தந்தை கையில், கரணை மகன் கையில். எங்களைக் கண்டும் அவன் அதைக் கீழே வைக்கவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு நாங்கள் தஞ்சைப் பெரிய கோயிலை அளந்து வரைய ஒரு வாரம் தங்கியிருந்தோம். இராசராசன் 1010இல் நிறைவு செய்த அந்தக் கோயிலின் சுவர்களுக்கு மேல் முன்னோக்கி வளைந்து இறங்கும் கபோதத்தை, அதன் கூடு வளைவுகளோடு, மணிக்கணக்கில் வரைந்தோம். அலங்காரம் என்றே எண்ணி வரைந்தோம். படிப்பகத்துக்குப் பிறகு மறுபடி அங்கே போனபோது, ஒரு மழைநாளில், கபோதத்தின் வளைந்த நுனியிலிருந்து நீர் சுவரைத் தொடாமல் விலகிச் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். கூரையின் இறவாரம் செய்த வேலையைக் கல்லில் செய்துகாட்டியிருக்கிறார்கள். எங்கள் பழைய வரைபடத்தில் எல்லா அளவுகளும் சரியாக இருந்தன. மழை மட்டும் இல்லை.

இன்று எங்களுள் இருவர் கல்லூரியில் கற்பிக்கிறோம், மூவர் தொழில் செய்கிறோம், ஒருவர் வெளிநாட்டில். மாணவர்கள் இப்போது கணினியில் வரைகிறார்கள். விருப்பம்போல் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஆனாலும் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றாத இடத்தில் காடி இன்றும் விடுபட்டுத்தான் போகிறது. கட்டடம் இடிந்து விழுந்தால் விசாரணை நடக்கிறது, நாளிதழில் செய்தி வருகிறது. சுவர் கசிந்தால் ஓர் அஞ்சலட்டை வரும். அதுவும் தமிழாசிரியரைப் போன்ற ஒருவர் அங்கே இருந்தால்தான். அவர் இப்போது இல்லை. பிரிக்க முடியாமற்போன அந்தத் தொகுதிகளுள் ஒன்றை எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். எங்கள் வகுப்புகளில் அதுவும் ஒரு பாடப்பொருளாக மேசைமேல் இருக்கிறது.

நண்பனின் தந்தைக்கு இப்போது எழுபதுக்கு மேல் வயது. வேலைக்குப் போவதில்லை. மகன் தன் ஒவ்வொரு வரைபடத்தையும் அவருக்கு ஒருமுறை காட்டிவிட்டுத்தான் களத்துக்கு அனுப்புகிறான். தொழில்முறைக் குறிப்புகள் அனைத்தையும் அவன் அத்தாள்களில் தமிழிலும் எழுதுகிறான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் சன்ஷேடைத்தான் பார்க்கிறாராம்.

ஐந்தாண்டுகள் எதற்கு என்று கேட்ட நண்பர்களுக்கு எங்கள் விடை இதுதான். நான்கரை ஆண்டுகளில் மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். அரை அங்குல ரீப்பருக்கு அரை ஆண்டாவது வேண்டும். ஐயமிருந்தால், அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டுச் சன்ஷேடின் அடியில், ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே, விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு சிறு பள்ளம் தட்டுப்பட்டால், உங்கள் வீட்டைக் கட்டிய, பெயர் தெரியாத அந்தக் கொத்தனாரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.